மாடு பிடிக்கிற கணக்கில் ஒரு கிடார்!

எங்கள் ஊர் வெள்ளகோவில். கோவையிலிருந்து திருச்சி போகிற ரோட்டில் காங்கயம் தாண்டினால் வந்துவிடும். விசைத்தறி, எண்ணெய் மில், முருங்கைக்காய்... இந்த மூன்றைப் பற்றி யார் கேட்டாலும் நாலு வார்த்தை சொல்ல எனக்குத் தெரியும். எட்டுத் தறி ஓடுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறதே! ஆனால், போன வருஷம் மூன்று மாதம் நான் தூக்கம் கெட்டு யோசித்தது தறியைப் பற்றியும் இல்லை, நூல் விலையைப் பற்றியும் இல்லை. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரா, கிப்சன் லெஸ் பாலா? இந்த இரண்டு எலெக்ட்ரிக் கிடார்களில் எதை வாங்குவது என்பதுதான் என் கவலை.

எனக்கு சங்கீதம் தெரியாது. கிடார், என் தம்பிக்கு.

தம்பி பள்ளிக்கூடம் முடித்த காலத்திலிருந்தே ஆர்கெஸ்ட்ராவில் கிடார் வாசித்தவன். தொண்ணூறுகளின் கடைசியில் காங்கயம், முத்தூர், மூலனூர், தாராபுரம் என்று சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் நோம்பி என்றாலும் மேடையில் ஓர் ஓரமாக நிற்பான். கையில் கொல்கத்தாவில் செய்த கிவ்சன் கிடார். கிப்சன் இல்லைங்க, கிவ்சன்! இளையராஜாவே சென்னைக்குப் போன புதிதில் மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கிடார் வாசித்தவர்தான் என்பதை, யாரும் கேட்காமலேயே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

ராத்திரி கிடார் என்றால் பகலில் தறி மெக்கானிக். 2008-ல் ஒருநாள், ஓடுகிற தறியின் பல்சக்கரத்துப் பக்கம் கை போய், இடது கை மோதிர விரல் முதல் கணுவோடு போய்விட்டது. கிடார் வாசிக்கிறவர்களுக்கு இடது கைதான் கம்பியை அழுத்துகிற கை. புண் ஆறிய பிறகும் அவன் கிடாரைத் தொடவே இல்லை. 2012-ல் என் மகளுக்குத் தெரட்டி சீர் வைத்தோம். தாய்மாமன் சீரில் ஒரு குறையும் வைக்கவில்லை. கிடாரையும் ஆம்ப்ளிஃபையரையும் விற்ற காசும் அந்தச் சீரில் இருந்தது என்பதை, ரொம்ப நாள் கழித்து அவன் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மகள் ஆசைப்பட்டாள் என்று விலை குறைந்த மரக்கிடார் ஒன்று வாங்கிக் கொடுத்தான். அதற்குச் சுருதி சேர்த்துத் தரப்போய், மூன்று விரலை வைத்துக்கொண்டு இவனே வாசிக்க ஆரம்பித்துவிட்டான். பதினைந்து வருஷம் கழித்து அவன் வாசித்துக் கேட்டேன். பாட்டு அங்கங்கே தடுக்கியது. ஆனால், நிற்கவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு மூன்று லட்ச ரூபாய் சீட்டு முடிந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். ''மாப்ளைக்குத்தான? வாங்கிக் குடு. வாங்குறது ஒருக்கா, நல்லதா வாங்கு'' என்றார். தம்பிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

''நாப்பதாயிரத்துலயே நல்ல கிடார் வருதுங்க்கா. ரெண்டு லட்சம் மூணு லட்சமெல்லாம் எதுக்குங்க?''

அவன் சொன்னதில் தப்பில்லை. இந்தோனேஷியாவிலும் சீனாவிலும் செய்கிற கிடார்களே இன்றைக்கு நன்றாக இருக்கின்றன. கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு அதுவே தாராளம். ஆனால், நாற்பத்தாறு வயதாகிறது, தனக்கென்று புதிதாக ஒன்றும் வாங்கியதில்லை. போன்கூட என் மகன் பயன்படுத்திய பழைய போன். ''வெல பாக்காம சொல்லு, எது வேணும்?'' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நூல் பில்லின் பின்பக்கத்தில் இரண்டு பெயர் எழுதினான். ''இந்த ரெண்டுல ஒண்ணுங்க்கா. எதுன்னு எனக்கே தெரியல.''

இரண்டும் இரண்டு விதம்

அப்புறம்தான் என் படிப்பு ஆரம்பமானது. எனக்குப் புரிந்த மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன்.

மரக்கிடாரின் வயிறு கூடாக இருக்கும். சத்தம் அங்கேதான் பெருகும். எலெக்ட்ரிக் கிடார் பெரும்பாலும் கெட்டி மரம். கம்பிக்குக் கீழே 'பிக்கப்' என்று ஒன்று இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியது. மோட்டார் காயில் கட்டுகிற கடையைப் பார்த்தவர்களுக்கு சட்டென்று விளங்கிவிடும். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் கீழே காயிலில் கொஞ்சூண்டு மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்கித் தரும். அவ்வளவுதான் சூட்சுமம்.

லெஸ் பால் 1952-ல் வந்தது. லெஸ் பால் என்பது ஒரு கிடார் கலைஞரின் பெயர். உடம்பு மஹோகனி மரம், மேலே மேப்பிள் பலகை. கழுத்தை உடம்போடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-ல் வந்தது. செய்த லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது என்பதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது! ரிப்பேர்க்காரர் இல்லையா, எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிற மாதிரியே செய்திருக்கிறார். கழுத்தே நாலு திருகாணியில்தான் நிற்கிறது.

இன்னொன்று கேட்டு அசந்துபோனேன். இந்த கிடார்கள் பலவற்றில் விரல் ஓடுகிற பலகையை நம் நாட்டு ஈட்டி மரத்தில் செய்கிறார்கள். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற மரம். அழிந்துவிடக் கூடாது என்று 2017-ல் உலக நாடுகள் கட்டுப்பாடு கொண்டுவந்து, கிடார் விற்பதே சிரமமாகி, 2019 கடைசியில்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். மரம் நம்முடையது, வாத்தியம் அவர்களுடையது!

தறி போடுகிற சத்தம்

முதல் சிக்கல், எங்கள் ஊரே கொண்டுவந்த சிக்கல். தம்பி வீட்டுக்கு ஒட்டினாற்போல் தறிக்குடோன். பழைய ஆர்கெஸ்ட்ரா சிநேகிதரிடம் ஒற்றைக் காயில் பிக்கப் வைத்த கிடார் ஒன்றை இரவல் வாங்கி வந்து செருகிப் பார்த்தான். கம்பியைத் தொடும் முன்பே ஆம்ப்ளிஃபையர் 'ங்ங்ங்' என்று இழுத்தது. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், டியூப் லைட் சோக் எல்லாம் அந்தக் கணக்கில் காந்த அலையை வீசுகின்றன. ஒற்றைக் காயில் கம்பியின் அதிர்வை வாங்குகிற மாதிரியே இதையும் வாங்கிக்கொள்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருப்பது இந்த மாதிரி மூன்று ஒற்றைக் காயில்கள்.

கிப்சனில் சேத் லவர் என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு காயில்களை எதிரும் புதிருமாகச் சுற்றிப் பக்கத்தில் வைத்தார். வெளியிலிருந்து வருகிற ரீங்காரத்தை ஒன்று கூட்ட, இன்னொன்று கழித்துவிடும். கம்பியின் ஓசை மட்டும் நிற்கும். பெயரே 'ஹம்பக்கர்'. 1957-லிருந்து லெஸ் பாலில் இதுதான்.

''அப்ப முடிஞ்சுதே, லெஸ் பாலே வாங்கிரலாம்'' என்றேன். தம்பி முகத்தில் சந்தோஷமும் இல்லை, மறுப்பும் இல்லை.

விரலும் கம்பியும்

இரண்டாவது சிக்கல் அவன் கை. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பியின் நீளம் 25.5 அங்குலம். லெஸ் பாலில் 24.75. முக்கால் அங்குலம் பெரிய வித்தியாசமா என்று கேட்டேன். ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு முறுக்கினால், நீளம் குறைந்த கிடாரில் விறைப்பு நூற்றுக்கு ஆறு குறையுமாம். முழு விரல் இருக்கிறவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. மொட்டை விரலுக்கு அந்த ஆறே பெரிய விஷயம்.

இந்த இடத்தில் தம்பி ஒருவரைப் பற்றிச் சொன்னான். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் ஊரில் டோனி அயோமி என்ற பையன், 1965-ல் பதினேழு வயதில், தகரப் பட்டறையில் வேலை பார்த்தார். வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில், மெஷினில் சிக்கி இரண்டு விரல் நுனி போய்விட்டது. அவர் இடது கைக்காரர். அதனால் கம்பியை அழுத்துகிற வலது கையிலேயே அடி. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பி மாட்டி, பிற்பாடு சுருதியையும் இறக்கி வைத்து வாசித்தார். 'பிளாக் சபாத்' என்ற அவர் குழு உலகப் புகழ் பெற்றது. அந்தக் கனத்த ஓசை ஒரு பெரிய இசை வகைக்கே ஆரம்பமாகிவிட்டது.

''அடிபட்டப்பவே இவரைப் பத்தித் தெரியுமாடா உனக்கு?''

''தெரியுமுங்க்கா.''

''அப்பறம் ஏன் அப்பவே வாசிக்கல?''

''தறி ஓட்டோணும், புள்ளைய வளத்தோணும்... தொப்பி செய்யறதுக்கு எங்கீங்க்கா நேரம்?'' என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அப்பாருவின் கணக்கு

ரீங்காரத்துக்கும் லெஸ் பால், விரலுக்கும் லெஸ் பால். கணக்குப்படி அதையே வாங்கியிருக்க வேண்டும். ஆனாலும் மனசு நிலைக்கவில்லை. அப்போதுதான் எங்கள் அப்பாரு ஞாபகம் வந்தது. அப்பாவின் அப்பாவை நாங்கள் அப்பாரு என்றுதான் கூப்பிடுவோம்.

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் மாட்டுச் சந்தை கூடும். காங்கயம் மாடுகளுக்குப் பேர்போன சந்தை. சின்ன வயதில் அப்பாரு என்னைக் கூட்டிப்போவார். சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். இரண்டு மாட்டில் எதைப் பிடிப்பது என்று திகைத்து நிற்கிறவர்களுக்கு அவர் ஒன்று சொல்வார். ''மெலிஞ்சிருந்தா பயப்படாத, தீனி போட்டாத் தேறிக்கும். மெரண்டா பயப்படாத, பழகுனாச் சரியாயிரும். காலு கோணலா இருந்தா மட்டும் உட்ரு. அதைத் தீனி போட்டு நிமித்த முடியாது.''

தறிக் கணக்கு நோட்டை எடுத்து, நடுவில் கோடு போட்டேன். ஒரு பக்கம், தீனி போட்டால் தேறுகிற குறை. மறு பக்கம், தேறாத குறை.

ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ரீங்காரம் எந்தப் பக்கம்? தம்பியிடம் கேட்டேன். இப்போது வருகிற ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் நடுக் காயிலை மாற்றிச் சுற்றியிருப்பார்களாம். ஐந்து நிலை சுவிட்சில் இரண்டாவது, நாலாவது நிலையில் வைத்தால் இரண்டு காயில் சேர்ந்து ரீங்காரத்தைக் கழித்துவிடும். மற்ற நிலைகளில் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் குறையும். ஆக, முக்கால்வாசி தேறும்.

விறைப்பு? மூன்று கட்டையில் இருக்கிற கடைசிக் கம்பியை இரண்டரைக் கட்டைக்கு இறக்கினால், மற்ற கம்பிகளையும் அதே அளவு இறக்கினால், விறைப்பு நூற்றுக்குப் பதினொன்று குறைகிறது. லெஸ் பாலில் கிடைக்கிற ஆறை விட அதிகம்! கம்பியையும் மெல்லியதாக மாட்டினால் இன்னும் சௌகரியம். இதுவும் தேறும். லெஸ் பாலிலும் இதையே செய்யலாம், இன்னும் இளகும் என்பது வேறு விஷயம். ஆனால், இது ஒன்றை வைத்தே ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கழித்துக்கட்ட வேண்டியதில்லை.

லெஸ் பாலின் குறைகளுக்கு வந்தேன். கனம். அதற்குத் தீனி கிடையாது. தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும். கீழே விழுந்தால் கழுத்தும் தலையும் சேருகிற இடத்தில் முறிய வாய்ப்பு அதிகம். ஒட்டலாம்தான், ஆனால் டவுன் பஸ்ஸிலும் கோயில் மேடையிலும் கொண்டுபோகிற சாமானுக்கு அது ரோதனை. விலையும் கூட.

அதற்காக லெஸ் பாலைக் குறைத்துப் பேச மாட்டேன். பிறகு காதால் கேட்டவள் நான். ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டால் நாகஸ்வரம் மாதிரி நின்று முழங்குகிறது. வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு என்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

பெங்களூரில் ஒரு நாள்

நோட்டை மட்டும் நம்பி மாடு பிடிக்க முடியுமா? நடக்கவிட்டுப் பார்க்க வேண்டாமா? ஈரோடு போய் ரயில் ஏறி இரண்டு பேரும் பெங்களூர் போனோம். இரண்டு கிடாரையும் ஒரே இடத்தில் வைத்திருந்த கடை அது.

ஒரே ஆம்ப்ளிஃபையர், ஒரே பாட்டு, ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று நானே விதி போட்டேன். அப்புறம் கடைப் பையனிடம் தராசு இருக்கிறதா என்று கேட்டேன். அவன் இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சொல்லி, பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தான். லெஸ் பால் 4 கிலோ 300 கிராம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் 3 கிலோ 600 கிராம். தம்பி வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கிடக்கட்டும். மூன்று மணி நேரக் கச்சேரியில் அந்த 700 கிராமைத் தோளில் சுமக்கப்போவது அவன்தானே!

''ரெண்டையும் மாட்டிட்டு அரை மணி நேரம் நில்லு'' என்றேன். லெஸ் பாலோடு இருபது நிமிஷத்தில் தோள்பட்டையை அசைக்க ஆரம்பித்தான். தறிக்கடியில் குனிந்தே இருபத்தைந்து வருஷம் ஓட்டிய முதுகு. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பின்பக்கத்தை வயிற்றுக்குத் தோதாகக் குடைந்திருக்கிறார்கள். அதை மாட்டியதும் நேரம் போனதே தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தான்.

ஆனால், முடிவு செய்தது கனமும் இல்லை. கிடாரில் குழைவு வேண்டுமென்றால் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி இழுப்பார்கள். நம் பாட்டுகளுக்கு அந்தக் குழைவுதான் உயிர். பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வது மோதிர விரல். தம்பிக்கு இல்லாத விரல். லெஸ் பாலில் அந்த இடம் வரும்போதெல்லாம் ஸ்வரம் மொட்டையாக நின்றது. மற்ற விரலால் முயன்றான், முகம் சுருங்கியது.

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வலது கைப் பக்கம் ஒரு சின்ன இரும்புக் கைப்பிடி இருக்கிறது. அழுத்தினால் கம்பிகள் எல்லாம் இளகி சுருதி இறங்கும், விட்டால் ஏறும். அவன் இடது கையால் ஸ்வரத்தை அழுத்திவிட்டு, வலது உள்ளங்கையால் அந்தப் பிடியை லேசாக அசைத்தான். ஸ்வரம் குழைந்தது. இன்னொரு தடவை செய்தான். அப்புறம் ஒரு பழைய பாட்டின் சரணத்தை முழுசாக வாசித்தான். எங்கேயும் மொட்டையாக நிற்கவில்லை.

இடது கையில் போன விரலின் வேலையை வலது கை எடுத்துக்கொண்டது. அதை அவன் எனக்குச் சொல்லவில்லை, நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு சங்கீதம் தெரியாது என்று சொன்னேனே, அன்றைக்கு அது தேவைப்படவே இல்லை. ''பில் போடச் சொல்லு'' என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, முதல் வேலையாக உப்பும் கரியும் போட்டுப் புதிதாக எர்த் குழி எடுத்தோம். கரகரப்பு நின்றது. ரீங்காரம் முழுசாகப் போகவில்லை, சுவிட்சை மாற்றியும் இடம் மாறி உட்கார்ந்தும் சமாளிக்கிறான். கிடாரின் பின்பக்க மூடியைத் திறந்தால் கைப்பிடிக்கான ஸ்பிரிங்குகள் வரிசையாக இருக்கின்றன. தறி மெக்கானிக்குக் கேட்கவா வேண்டும்? முதல் வாரத்திலேயே கழற்றி, தன் கைக்குத் தோதாக முறுக்கி வைத்துவிட்டான். சுருதி இரண்டரைக் கட்டையில் நிற்கிறது. தறி நிறுத்திய பிறகு அரை மணி நேரம் அவன், அரை மணி நேரம் அவன் மகள். பழைய ஆர்கெஸ்ட்ரா ஆட்கள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வந்துபோக ஆரம்பித்திருக்கிறார்கள்.

நீங்கள் கிடார் வாங்கப்போவதில்லை என்றாலும் அப்பாருவின் கணக்கைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். வீடோ வண்டியோ, பிள்ளைக்குக் காலேஜோ... இரண்டு நல்லதுகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிற வேளை எல்லோருக்கும் வரும். எது உசத்தி என்று ஊரைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஊரே நல்லது என்று சொன்னாலும், அது நம் வீட்டு மின்சாரத்தில் ஓட வேண்டும், நம் முதுகு அதைச் சுமக்க வேண்டும். இரண்டின் குறைகளையும் எழுதி, தேறுகிறது எது, தேறாதது எது என்று பிரித்துப் பாருங்கள். அப்புறம் ஒரு தடவை நடக்கவிட்டும் பாருங்கள்.

விலை எவ்வளவு என்று ஊரில் எல்லோரும் தம்பியைக் கேட்கிறார்கள். சொன்னால் மயக்கம் போட்டுவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். ''வெலயெல்லாம் தெரியாதுங்க, அக்கா வெச்ச சீரு'' என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.